சப்பாத்தில் ஒட்டாத மண்

பொனிபஸ் புறப்பட்டது 2023ஆம் ஆண்டு மே மாதம் பதினோராம் திகதி, ஒரு வியாழக்கிழமை காலை. புறப்படுவதற்கு முன் மெல்பேர்னின் நொபிள் பார்க் வீட்டின் பின்படியில் குந்தியிருந்து, பழைய பல் பிரஷ் ஒன்றால் சப்பாத்தின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணித்தியாலமாகத் தேய்க்கிறார். அடியில் இருந்த கோடுகளுக்குள் ஒரு புல்விதைகூட மிஞ்சக் கூடாது. வாகனத்தின் நான்கு சில்லுகளும் முதல் நாளே கழுவியாயிற்று.

"எங்கட நேர்சிங் ஹோமில சோத்துச் சட்டிகூட இப்பிடிக் கழுவுறேல்ல," என்றா குசினி வாசலில் நின்ற மனைவி டொறத்தி. "நீங்கள் காட்டுக்குப் போறியளோ, பொம்பிளை பாக்கப் போறியளோ?"

"அனுமதிப் பேப்பரில போட்டிருக்குது. சேறு, விதை, மண் ஒண்டும் உள்ளுக்குக் கொண்டுவரக் கூடாதாம்."

"சரி, தேயுங்கோ. போத்திலை எடுத்தாச்சோ?"

பொனிபஸ் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். தைலப் போத்தில் அளவில் ஒரு சின்னப் போத்தில் உள்ளே இருந்தது. அதில் மடு மண்.

இலங்கை மன்னார்க் கத்தோலிக்கருக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். மடு மாதா கோயில் மண் பாம்புக்குக் காவல் என்பது அவர்கள் நம்பிக்கை. காட்டில் தங்க நேர்ந்தால் படுக்கையைச் சுற்றி ஒரு கிள்ளு தூவிவிட்டுப் படுப்பார்கள். இந்தப் போத்திலைக் கொண்டுவந்தவ டொறத்தியின் மச்சாள். மெல்பேர்ன் விமான நிலையத்து அட்டையில் "மண் கொண்டுவருகிறீர்களா?" என்ற கேள்விக்கு அவ "இல்லை" என்று கோடு போட்டது பொய் சொல்லும் எண்ணத்தில் அல்ல. மடு மண்ணை அவ மண்ணாக நினைக்கவேயில்லை. பொனிபஸும் நினைக்கவில்லை.

"போட்டு வாறன்," என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

பொனிபஸுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. முருங்கனில் பிறந்து, கொழும்பில் குளிரூட்டி வேலை படித்து, சவூதியில் எட்டு வருடம் பழ மண்டிகளின் குளிரறைகளைத் திருத்தி, பிறகு மெல்பேர்னுக்கு வந்தவர். இங்கேயும் அதே வேலை. டண்டினோங் பக்கத்துக் குளிர்க் களஞ்சியங்களில் ஏதாவது நின்றுபோனால் அவருக்குத்தான் அழைப்பு வரும். கம்பிரசரில் காதை வைத்துக் கேட்டே நோய் சொல்லிவிடுவார். துவக்கு தூக்கும் ஆள் என்று அவரைப் பார்த்தால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். கோயிலில் பின்வாங்கில் இருப்பவர், பாட்டுக்கு வாய் மட்டும் அசைப்பவர்.

அவரைக் காட்டுக்குள் இழுத்தது ஒரு செய்தி. ஒரு களஞ்சியத்தில் வேலை முடிய, அங்கே கிடந்த பழைய சஞ்சிகையைப் புரட்டியபோது ஒரு படம் கண்ணில் பட்டது. கறுத்த பிடரியும் கவட்டுக் கொம்புமாக ஒரு மரை, கடமான் என்பார்களே அந்தப் பெரிய மான். விக்டோரியா மலைகளில் இப்போது ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்று கீழே எழுதியிருந்தது. நூற்றறுபது வருடத்துக்கு முன் வெள்ளைக்காரர் தங்கள் வேட்டைக்காக இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து அவிழ்த்து விட்டவற்றின் வாரிசுகளாம். அவர் இரண்டு தடவை வாசித்தார். ஊரில் மரை என்றால் அவருக்குத் தெரிந்தது அதன் இறைச்சி வத்தல்தான். உயிரோடு ஒன்றைக்கூடக் கண்டதில்லை. எங்களுக்கு முந்தி விசா இல்லாமல் வந்து, பிள்ளை குட்டி பெருக்கி, இந்தக் குளிரில் இது என்ன செய்கிறது என்று ஒரு கேள்வி அவருக்குள் புகுந்தது. புகுந்தது வெளியே போகவேயில்லை.

வழிகாட்டியை அமர்த்த அவருக்கு மனமில்லை. "காசு குடுத்தா, அவன் கண்டதைத்தான் நான் காணுவன்," என்பார். தானாகவே படித்தார். துவக்கு லைசென்ஸ், வேட்டை லைசென்ஸ், வரைபடம் எல்லாவற்றுக்கும் தானே அலைந்தார். முதல் வருடம் அரச காட்டில் தன் வாகனத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர் தூரத்தில் வழி தவறி ஒரு பகல் முழுக்கச் சுற்றினார். இரண்டாம் வருடம் மரையின் பின்பக்கத்தை மட்டும் ஆறு தடவை கண்டார். மூன்றாம் வருடம் ஒன்றைச் சுட்டார். ஆனால் கேள்வி தீரவில்லை. அரச காட்டில் வார இறுதிகளில் நாய்களோடு கூட்டம் கூட்டமாக வேட்டைக்காரர் வருவார்கள். அங்கத்தைய மரைக்கு ஓடத்தான் தெரியும். பயமில்லாத மரை என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு பள்ளத்தாக்கு கிழக்கு மலைகளில் இருந்தது. அது ஆதிக்குடி மக்களின் நிலம், நீண்ட வழக்குக்குப் பிறகு அவர்கள் கைக்குத் திரும்பி வந்தது. நாய்க்கு அனுமதியில்லை. துவக்கோடு ஒருவரை உள்ளே விடுவதென்றால் ஒன்பது பேர் கொண்ட அவர்களது கமிட்டி சம்மதிக்க வேண்டும். மூன்று தடவை விண்ணப்பித்து மூன்று தடவையும் மறுக்கப்பட்டது. நாலாம் தடவை ஒரு வருட அனுமதி வந்தது. நிபந்தனைகள் ஒன்றரைப் பக்கம். ஒன்றை மீறினாலும் அன்றோடு சரி. அந்தக் கடிதத்தைப் பொனிபஸ் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, ஞானஸ்நானச் சான்றிதழ்களோடு அலுமாரியில் வைத்திருந்தார்.

பின்நேரம் மூன்று மணிக்கு அந்த நிலத்தின் வாசலில் இருந்த தகரக் கூரை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே பொறுப்பாக இருந்தவ கெய்லீன், அந்த மக்களில் ஒருத்தி, கமிட்டியிலும் இருப்பவ. நாற்பது வயதிருக்கும். கட்டையான, உறுதியான பெண், தலையில் நிறம் மங்கிய தொப்பி. அவ பேசியது ஆங்கிலம்தான். பொனிபஸ் பிறகு வீட்டில் டொறத்திக்குத் திருப்பிச் சொன்ன தமிழில்தான் அது இங்கே வருகிறது.

கெய்லீன் சப்பாத்தைத் தூக்கி, ரோர்ச் அடித்து அடியைப் பார்த்தா. சில்லுகளையும் குனிந்து பார்த்தா.

"இவ்வளவு சுத்தமாக ஒருத்தனும் இந்த வாசலுக்கு வந்ததில்லை," என்றா. "நீ ஏதாவது ஒளிக்கிறாய் போல."

"ஒரு மணித்தியாலம் தேய்ச்சனான்."

"எங்கத்தை ஆள் நீ?"

"சிறீலங்கா. இந்த மரையும் அங்கயிருந்துதான் வந்தது."

கெய்லீன் அவரை மேலும் கீழும் பார்த்தா. "அப்ப உன்ர ஆக்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போக வந்தனியோ? நல்லது. எங்கட ஆத்தங்கரையெல்லாத்தையும் உழக்கி நாசமாக்கிப்போட்டினம். எல்லாரையும் கொண்டு போ."

"ஒரு ஆள் ஒராளைத்தான் கொண்டு போகலாம். பிறிட்ஜில இடமில்லை."

சிரிப்பு வரவில்லை என்றாலும், காட்டுப் படலையின் பூட்டுத் திறப்பைக் கெய்லீன் அவர் கையில் வைத்தா. ஞாயிற்றுக்கிழமை முகாமைப் பார்க்கத் தானே வருவதாகவும், ஆற்றின் மறுகரைக்குப் போகக் கூடாதென்றும் சொன்னா. ஏன் என்று பொனிபஸ் கேட்கவில்லை. மடுக் கோயில் சுற்றாடலில் துவக்கு வெடிக்கக் கூடாது என்பதற்கு அவர் ஒருபோதும் காரணம் கேட்டதில்லை.

படலையிலிருந்து நாலு கிலோமீற்றர் முதுகில் பொதியோடு நடந்து, ஓடையிலிருந்து தள்ளி ஒரு சின்ன மேட்டில் கூடாரம் அடித்தார். சாப்பிட்டு, செபம் சொல்லி, கூடாரத்தைச் சுற்றி மடு மண்ணை மெல்லிய கோடாகத் தூவிவிட்டுப் படுத்தார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் துவக்கைத் தோளிலிருந்து எடுக்கவேயில்லை. பார்த்தார், எழுதினார். மரைகள் எந்த மரத்தில் கொம்பு உரசுகின்றன, எந்த உயரத்தில் பட்டை கிழிந்திருக்கிறது, எந்தச் சேற்றில் புரள்கின்றன என்றெல்லாம் சின்னக் கொப்பியில் குறித்தார். பின்நேரம் மலைவிளிம்பில் ஒரு கல்லில் சாய்ந்திருந்தபோது, கீழே புல்வெளிக்கு ஒரு கலைமரை, கொம்புள்ள ஆண், நடந்து வந்தது. ஓடவில்லை. நின்று முன்னங்காலால் ஒரு பன்னச் செடியைப் பிரட்டிப் பார்த்தது, முகர்ந்தது, தும்மியது. பிறகு பின்காலில் எழும்பி ஒரு கொப்பில் முகத்தைத் தேய்த்தது. ஐம்பத்தைந்து நிமிடம் பொனிபஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மரை தும்மும் என்று ஒரு புத்தகத்திலும் அவர் வாசித்ததில்லை. கொப்பியில் "தும்மியது" என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார்.

சனிக்கிழமை விடிய ஒரு பெண் மரையைச் சுட்டார். ஒரே வெடி, நின்ற இடத்திலேயே விழுந்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கத்தியை எடுத்தார். எலும்பு நீக்கி, இறைச்சியைத் துணிப்பைகளில் போட்டு, நிழலில் காற்றுப்படக் கட்டித் தூக்கினார். பிறகு எந்த வேட்டைக்காரனும் செய்யாத ஒன்றைச் செய்தார். வேலைப் பெட்டியிலிருந்து கொண்டுவந்த வெப்பமானி ஊசியை ஒவ்வொரு பையிலும் குத்தி, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா அளவு பார்த்து எழுதினார். சூடு போதிய அளவு இறங்கிய பிறகுதான் முதல் சுமையைத் தூக்கினார். அன்றைக்கு இரண்டு தடவை வாகனம் நின்ற படலைக்கும் முகாமுக்கும் நடந்தார். மூன்றாவது சுமை ஞாயிற்றுக்கிழமைக்கு மிஞ்சியது.

ஞாயிறு காலை பத்து மணிபோல் கெய்லீன் வந்தா. கழிவைப் புதைத்த இடத்தையும் அணைத்த நெருப்பையும் பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையை ஆட்டினா. கொப்பியை வாங்கி, பட்டை கிழிந்த உயரங்கள் குறித்த பக்கத்தைப் படம் எடுத்தா. திரும்பும்போது கூடாரத்தின் ஓரத்தில் அவவின் கால் நின்றது.

அந்தப் பள்ளத்தாக்கின் மண் சாம்பல் கலந்த கறுப்பு. அதன்மேல் செம்பழுப்பாக ஒரு கோடு கூடாரத்தைச் சுற்றி ஓடியது.

"இது என்ன? எறும்பு மருந்தா?" கெய்லீனின் குரல் மாறியிருந்தது. "விஷம் ஏதாவது போட்டாயா?"

"இல்லையில்லை," பொனிபஸ் சிரித்துக்கொண்டே சொன்னார். "விஷமெல்லாம் இல்லை. வெறும் மண்."

"எங்கத்தை மண்?"

அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. சப்பாத்து, பல் பிரஷ், நாலு சில்லு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. சட்டைப் பையில் கையை வைத்தார். பிறகு, ஒளிக்காமல், முழுவதையும் சொன்னார். கோயில், மாதா, பாம்பு, மச்சாளின் அட்டை, எல்லாமும்.

கெய்லீன் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் இருந்தா.

"மே மாசத்தில இங்க குளிருக்குப் பாம்பெல்லாம் படுத்திடும்," என்றா.

"அது எனக்குத் தெரியாது."

"அந்தக் கோயில் வாசலுக்கு நான் என்ர மண்ணைக் கொண்டுவந்து கொட்டினா உங்கட ஆக்கள் என்ன செய்வினம்?"

சமாளிப்பதற்கு ஒரு பதிலைத் தேடாமல், பொனிபஸ் உண்மையிலேயே யோசித்தார். "தெரியாது. அப்பிடி ஒருத்தரும் செய்ததில்லை. எல்லாரும் அங்கயிருந்து எடுத்துக்கொண்டுதான் போறவை."

"ஆரிட்டக் கேட்டு எடுக்கிறவை?"

இதையும் யோசித்தார். "ஒருத்தரிட்டயும் இல்லை. மாதாவிட்டக் கேக்கிறதெண்டு நினைக்கிறன்."

"அவ ஓமெண்டு சொன்னவவோ?"

கெய்லீன் நக்கலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டா, முகத்தில் கோபம் அப்படியே இருக்க.

"எடு," என்றா. "ஒண்டும் விடாமல் எடு."

பொனிபஸ் கரண்டியை எடுத்து முழங்காலில் நின்றார். மூன்று இரவுப் பனியில் கோடு நிலத்துக்குள் இறங்கியிருந்தது. மேலாகச் சுரண்டினால் சிவப்பு மிஞ்சியது. ஆழமாகச் சுரண்டினால் கறுப்பும் சேர்ந்து வந்தது. தேயிலைத் தகரப் பேணிக்குள் இரண்டும் ஒன்றாக விழுந்தன. முக்கால் சுற்று முடிவதற்குள் பேணி பாதி நிறைந்துவிட்டது.

"நிப்பாட்டு. இப்ப நீ எங்கடயையும் எல்லோ எடுக்கிறாய்."

இருவரும் பேணிக்குள் எட்டிப் பார்த்தார்கள். இனி எது யாருடையது என்று ஒருவராலும் பிரிக்க முடியாது. கெய்லீன் பேணியையும் மிச்ச மண் இருந்த போத்திலையும் வாங்கித் தன் பையில் வைத்தா. நிலத்தைப் படம் எடுத்தா.

"நான் இதை எழுதத்தான் வேணும். கமிட்டி முடிவெடுக்கும் வரைக்கும் உன்ர அனுமதி இடைநிறுத்தம். திறப்பைத் தா."

பொனிபஸ் திறப்பைக் கொடுத்தார். மூன்றாவது சுமையில் பாதியைக் கெய்லீன் கேளாமலே தன் தோளில் ஏற்றினா. படலை வரைக்கும் நாலு கிலோமீற்றரும் முன்னால் நடந்தா.

வீட்டில் டொறத்திக்கு ஆத்திரம் வந்தது கெய்லீன்மேல்தான். "மாதாவின்ர மண்ணை விஷமெண்டு சொன்னவளோ?"

"விஷமோ எண்டு கேட்டவ. சொல்லேல்ல."

"நீங்கள் ஏன் மண்ணெண்டு சொன்னனீங்கள்? மருந்தெண்டு சொல்லியிருக்கலாமே."

"அது மண்தானே டொறத்தி."

டொறத்தி இறைச்சியைக் கழுவப் போய்விட்டா. அந்தக் கதை அந்த வீட்டில் அதோடு முடிந்தது. ஆனால் பொனிபஸுக்கு முடியவில்லை. அந்தப் பள்ளத்தாக்குக்கு இனிப் போக முடியுமா முடியாதா என்பது பல்லுக்குள் சிக்கிய நார்மாதிரி நாள் முழுக்க அவரைத் தொந்தரவு செய்தது. கலைமரை எதற்குத் தும்மியது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. குளிர்காலத்தில் அது எந்தச் சரிவில் படுக்கும் என்றும் தெரியாது. கமிட்டிக்கு விளக்கக் கடிதம் ஒன்று அனுப்பலாம் என்று அலுவலகத்திலிருந்து அறிவித்தல் வந்தபோது, அவர் பாஸ்கரைத் தேடிப் போனார்.

பாஸ்கர் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரர், பொயிண்ட் குக்கில் வீடு. குளிர்க் களஞ்சியம் ஒன்றில் கம்பியூட்டர் பார்ப்பவர். சைவச் சாப்பாட்டுக்காரர் என்றாலும் பொனிபஸின் வேட்டைக் கதை ஒன்றையும் விடமாட்டார்.

"என்ன அண்ணே, சூப்பர் மார்க்கெட்ல கறி தீந்துபோச்சுன்னு மலை ஏறுனீங்க, இப்ப கோர்ட் கேஸ் மாதிரி ஆக்கிட்டு வந்திருக்கீங்களே," என்றபடி மடிக்கணினியைத் திறந்து பத்து நிமிடத்தில் ஒரு கடிதம் அடித்தார். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மனமார வருந்துகிறேன்" என்று தொடங்கியது.

பொனிபஸ் வாசித்தார். "பாஸ்கர், இது ரயில் பிந்தினா ஸ்ரேஷனில சொல்லுறது."

"வேற எப்படிண்ணே எழுதுறது? கலாசாரப் புரிதலின்மைன்னு ஒரு பாரா போடுவோமா?"

"வேண்டாம். நடந்ததை எழுதுவம். சர்வீஸ் றிப்போட் எழுதுறமாதிரி."

"ஆமா, அதான் உங்களுக்கு வரும்," என்று பாஸ்கர் கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

பொனிபஸ் எழுதியது ஒரு பக்கம் வந்தது. சப்பாத்தை ஒரு மணித்தியாலம் கழுவினேன். சட்டைப் பையைப் பற்றி நினைக்கவில்லை. அதை மண் என்று நான் எண்ணியிருக்கவில்லை, உங்கள் அலுவலர் கேட்டபோதுதான் அது மண் ஆனது. கூடாரத்தைச் சுற்றி மூன்று இரவு தூவினேன். மலைவிளிம்பில் நான் சாய்ந்திருந்த கல்லடியிலும் ஒரு கிள்ளு போட்டேன். இதை அன்று சொல்ல மறந்துவிட்டேன், உங்கள் அலுவலருக்கும் தெரியாது. இடத்தைக் கீழே கீறியிருக்கிறேன். கோயிலிலிருந்து மண் எடுக்கும்போது நாங்கள் யாரிடம் கேட்கிறோம் என்று அவர் கேட்டார். பங்குத்தந்தையிடம் விசாரித்தேன், அவருக்கும் தெரியவில்லை. தெரிந்தால் அறிவிப்பேன்.

"அண்ணே, அந்தக் கல்லு மேட்டரை ஏன் எழுதுறீங்க?" பாஸ்கர் தலையில் கையை வைத்தார். "யாருக்கும் தெரியாதுல்ல. நீங்களே போய் மாட்டிக்கிறீங்களே."

"அங்கயும் மண் கிடக்குதுதானே."

பாஸ்கர் பிழை திருத்தினார், ஒரு வரியையும் வெட்டவில்லை. கடிதம் ஜூன் முதல் கிழமை போனது.

ஜூலையில் பதில் இல்லை. கமிட்டியில் ஒருவர் இறந்துவிட்டார், துக்க காலம் முடியும்வரை கூட்டம் இல்லை என்று ஓகஸ்டில் ஒரு வரி வந்தது. பிறகு அதுவும் இல்லை. பொனிபஸ் தொலைபேசி எடுத்து நெருக்கவில்லை. அரச காட்டுக்கும் போகவில்லை. துவக்கு அதன் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. டொறத்தி ஒரு நாள் தானாகவே, "வேற பள்ளத்தாக்கு ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டா. அவர் தோளைக் குலுக்கினார். அனுமதியின் ஒரு வருடமும் அலுமாரிக்குள் இருந்தபடியே கரைந்து முடிந்தது.

2024 ஏப்ரல் பதினாறாம் திகதி, செவ்வாய்க்கிழமை. ஒரு களஞ்சியத்தின் கூரையில், கம்பிரசருக்குப் பக்கத்தில் பொனிபஸ் குந்தியிருந்தபோது போன் அதிர்ந்தது. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு வாசித்தார்.

"பொனி, நான் கெய்லீன். கமிட்டி நேற்றுக் கூடியது. வேண்டாம் என்று மூன்று பேர், சரி என்று ஐந்து பேர். நான் வேண்டாம் என்ற பக்கம், அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புது அனுமதி ஒரு வருடத்துக்கு. ஜூன் முதலாம் திகதி சனிக்கிழமை வா. முதல் நாள் துவக்கு வேண்டாம். அந்தக் கல்லை எங்களுக்குக் காட்டு. வேண்டாம் என்ற மற்ற இரண்டு பேரும் என்னோடு சேர்ந்து உன்னோடு நடக்க வருகிறார்கள். ஒருவருக்கு முழங்கால் சரியில்லை, மெதுவாகத்தான் நடப்பார். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டு வா."